புது வண்டிக்குப் பழைய சாலை

புது வண்டியை முதல் லாங் ரைடுக்கு எடுத்துப் போகிறவர்கள் நான்குவழிச் சாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது என் கட்சி. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் என்றால் எல்லோரும் சொல்லும் வழி தாம்பரம், விழுப்புரம், திருச்சி, மதுரை. விடியும் முன் கிளம்பினால் சாயங்காலம் பாம்பன். “டூரிங் வண்டி வாங்கிட்டு ஊர் ஊரா ஆட்டுக்குட்டி பின்னாடி போகப் போறியா?” என்று கேட்டார்கள். ஆமாம், அதைத்தான் செய்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, தொண்டி வழியாக, நடுவில் வேளாங்கண்ணியில் ஓர் இரவு தங்கி, தனுஷ்கோடி வரை. கடல் தெரியும் என்பதற்காக எடுத்த முடிவில்லை. சொல்லப்போனால் அந்தச் சாலையில் பெரும்பாலான தூரம் கடல் தெரியவே தெரியாது. எல்லாம் என்ஜினுக்காக.

வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450. ஒற்றை சிலிண்டர், 452 சிசி, தண்ணீரால் குளிரும் என்ஜின், 40 குதிரைத்திறன், ஆறு கியர், 17 லிட்டர் டாங்க், 196 கிலோ எடை. இத்தனை சக்தி இருக்கும்போது, புது என்ஜினை மெல்லப் பழக்கும் ரன்னிங்-இன் என்று பெரியவர்கள் காலத்துப் பத்தியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இப்போதைய என்ஜின்களை முன்பைவிட எவ்வளவோ துல்லியமாகக் கடைகிறார்கள், அது உண்மை. ஆனாலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களும் சிலிண்டரின் உட்சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தித்தான் ஆக வேண்டும். அந்தச் சுவர் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்காது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களைப் போட்டே தயாரிக்கிறார்கள். ஆயில் அந்தக் கீறல்களில் தங்கும். வளையங்கள் கீறலின் முனைகளை மழுக்கித் தமக்கு இடம் செய்துகொள்ளும்.

வளையம் சுவரோடு அழுந்த வேண்டுமென்றால் எரியும் வாயுவின் அழுத்தம் வேண்டும். அதனால் ஒரேயடியாகப் பொத்திப் பொத்தி ஓட்டுவதும் நல்லதில்லை. கொஞ்சம் முறுக்கி இழுக்க வேண்டும், பிறகு ஆக்ஸிலேட்டரை மூடி என்ஜின் பிரேக்கில், அதாவது என்ஜினே வண்டியை மெதுவாக்கும்படி, விட வேண்டும், கியரை மாற்ற வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். ஒரே வேகத்தில், ஒரே ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) மணிக்கணக்காக ஓட்டுவதுதான் புது என்ஜினுக்கு ஆகாத காரியம். நான்குவழிச் சாலை நம்மைச் செய்யவைப்பது அதைத்தானே? ஆறாவது கியரில் போட்டால் அடுத்த டோல்கேட் வரை கை அசையாது. கடற்கரைச் சாலையிலோ வேகத்தடை, சந்தை, பள்ளிக்கூடம், பாலத்துக்கு முன் திருப்பம், நடுரோட்டில் அசை போடும் மாடு என்று என்ஜினுக்கு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வழியில்லை. இந்தப் பயிற்சியை யாரும் திட்டமிட்டுக் கொடுத்தால்கூட இவ்வளவு நன்றாக அமையாது.

முதல் 500 கிலோமீட்டரைச் சென்னைக்குள்ளும் மாமல்லபுரம் வரையிலுமாக ஓட்டி முடித்து, முதல் சர்வீஸும் செய்துவிட்டுத்தான் கிளம்பினேன். வடித்த ஆயிலை வெயிலில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மீன்செதில் பொடி போல மினுமினுப்பு. தேய்ந்த உலோகம் அது. முதல் சர்வீஸைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த மினுமினுப்பை ஒரு முறை பார்த்தால் போதும். சர்வீஸ் முடிந்துவிட்டால் ரன்னிங்-இன் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வரை நாலாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்முக்கு மேல் போவதில்லை என்று நானாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

புதுச்சேரி வரை சொல்ல எதுவுமில்லை. அந்தச் சாலையைப் பற்றிச் சென்னைக்காரர்கள் எழுதாத எதையும் நான் எழுதிவிடப் போவதில்லை. மரக்காணத்து உப்பளம் தாண்டி ஒரு டீ, அவ்வளவுதான். வண்டியின் வட்டத் திரையில் ஓடிக்கொண்டிருந்த கூகுள் மேப் மட்டும் சும்மா இல்லை. எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் என்னை மேற்கே திருப்பிப் பெரிய சாலையில் சேர்த்துவிடப் பார்த்தது. அத்தனை நிமிடம் மிச்சம், இத்தனை நிமிடம் மிச்சம் என்று ஆசை காட்டியது. கடலூரில் அதை அணைத்துவிட்டேன். போனுக்கும் சூடு குறைந்தது.

கொள்ளிடம் தாண்டியதும் சாலையின் குணம் மாறிவிடுகிறது. நான் போனது மாசி மாதம். சம்பா அறுவடை. சீர்காழியிலிருந்து திருக்கடையூர், பொறையார் வரை சாலையின் ஒரு பாதி வண்டிகளுக்கு, மறுபாதி நெல்லுக்கு. கருங்கல்லையும் செங்கல்லையும் வரிசையாக வைத்து எல்லை கட்டி, பொன்னிறமாகப் பரப்பிக் காய வைத்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து போகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது தெரிந்தால் அந்த எரிச்சல் தணியும். மழை பெய்து கெடுத்த வருஷங்களில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லித்தான் டெல்லி வரை கோரிக்கை போகும். களம் போதாத ஊரில் வெயிலில் சூடேறிய தார்ச்சாலையைவிட நல்ல களம் எது?

ஆனால் இரண்டு சக்கரத்தில் போகிறவன் அந்த நெல்மணிகளை மதிக்க வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டிச் சிதறியவை டயருக்கடியில் பேரிங் குண்டு போல உருளும். ஹிமாலயனின் முன்சக்கரம் 21 அங்குலம், ஒல்லி. குழிகளுக்கு அது ராஜா. நெல்லில் கொஞ்சம் தயங்கும். முன்பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்து, என்ஜின் பிரேக்கிலேயே கடந்தேன். ரன்னிங்-இன்னுக்கும் அதுதானே பாடம். நெல்லைக் காலால் துழாவித் திருப்பிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்:

“இந்தாண்ட வாங்க தம்பி. வைக்கோலு மேல ஏத்தாதீங்க, வழுக்கிவுட்டுடும்.”

மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளிகளில் இதைச் சொல்லித் தருகிறார்களா தெரியவில்லை. அடுத்த இருபது கிலோமீட்டருக்கு எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான்.

தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன் நிறுத்தி ஜாக்கெட்டைக் கழற்றினேன். வலை ஜாக்கெட் என்று பெயர்தான். கடற்கரைப் புழுக்கத்தில் வேர்வை உள்ளேயே உப்புக் கோடு போட்டிருந்தது. ஓடும்போது காற்று வரும், நின்றால் அடுப்பு. தண்ணீரில் ஓஆர்எஸ் பொட்டலம் கலந்து குடிப்பதை வெட்கப்படாமல் செய்யலாம். நாகூரில் இறால் பதித்த வாடா. சூடாகச் சாப்பிட வேண்டிய பண்டம் அது. பெட்டியில் வைத்துத் தங்குமிடத்துக்கு எடுத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வழியிலேயே தீர்ந்துவிடும்.

மறுநாள் வேதாரண்யம். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர். இப்போதும் அகஸ்தியம்பள்ளிப் பக்கம் இரு புறமும் உப்பளம்தான். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே நேராகப் போகும் சாலையில், காலை வெயில் கண்ணைக் கூசவைக்க, வைசரைக் கறுப்பில் மாற்ற வேண்டியிருந்தது.

அங்கிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில், தில்லைவிளாகத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தியதும் பெஞ்சிலிருந்த பெரியவர் எழுந்து வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“புல்லட்டா தம்பி?”

“புல்லட்டு கம்பெனிதாங்கய்யா. இது ஹிமாலயன்.”

“அதான் சத்தத்தையே காணோம்.” குனிந்து பார்த்தார். “கியரு இந்தப் பக்கமா?”

“இப்பல்லாம் இந்தப் பக்கந்தாங்கய்யா.”

“எங்க காலத்துல வலது கால்ல கியரு, இடது கால்ல பிரேக்கு. ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வர்ற வரைக்கும் மெல்ல மெல்ல மிதிக்கணும். வந்ததும் டீகம்ப்ரஸர அமுக்கிப் புடிச்சிட்டு கொஞ்சம் கீழ தள்ளி, விட்டுட்டு, ஒரே மிதி. ஏறுக்குமாறா மிதிச்சா திருப்பி அடிக்கும். கணுக்கால் போயிடும்.”

அவர் சொன்னதில் ஒரு வரி பிசகில்லை. டீகம்ப்ரஸர் என்பது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விட்டு மிதியை லேசாக்கும் நெம்பு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் ராயல் என்ஃபீல்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் ஆலை போட்டுப் புல்லட் செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு அதுதான் ஸ்டார்ட் செய்யும் முறை. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப் போன பிறகும் திருவொற்றியூரில் ஓயாமல் செய்துகொண்டிருந்தார்கள். இப்போது வேலை பெரும்பாலும் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில். என் வண்டி சென்னையைச் சுற்றித்தான் பிறந்தது. பெயர் மட்டும் இமயமலை.

பெரியவரிடம் ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். சாவியை வாங்கி, டீக்கடையிலிருந்து மதகு வரை போய்த் திரும்பினார். இரண்டாவது கியரிலேயே நாலாவதுக்குப் போகப் பார்த்திருக்கிறார். வண்டி திணறி உதறியிருக்கிறது. “இழுக்க மாட்டேங்குதே” என்றார். எனக்கு அது முக்கியமான செய்தி. பழைய புல்லட் 346 சிசி, கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை. டாப் கியரில் முப்பது, நாற்பதில் தட்டித் தட்டிப் போகும். புல்லட்டில் கை பழகியவர்கள் எந்த என்ஜினையும் அப்படித்தான் ஓட்டுவார்கள். இந்தப் புது என்ஜினின் முழு இழுவை 5500 ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. மூவாயிரத்துக்குக் கீழே பெரிய கியரில் போட்டு முறுக்கினால் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் வீண் பாரம். புது என்ஜினை அதிகம் முறுக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். திணற விடாதே என்று யாரும் சொல்வதில்லை. இரண்டில் எது கெடுதல் என்று கேட்டால் இரண்டாவதையே சொல்வேன்.

பெரியவருக்கு இன்னொரு கேள்வி பாக்கியிருந்தது, விலை. சொன்னேன். பெஞ்சில் இருந்த இன்னொருவர் “கார் வாங்கலாமே” என்றார். 2025 செப்டம்பரிலிருந்து 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு, அதற்குட்பட்டவற்றுக்கு 18 என்ற கணக்கை விளக்கினேன். புல்லட் இந்தப் பக்கம், ஹிமாலயன் அந்தப் பக்கம். பெரியவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

மல்லிப்பட்டினத்தை ஒட்டி மனோரா. எண்கோணமா என்று எண்ணிப் பார்த்தால் அறுகோணம், எட்டு அடுக்கு. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் தோற்கடித்ததைக் கொண்டாட 1814-15இல் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தஞ்சாவூர்க் கடற்கரையில் கோபுரம் கட்ட வேண்டிய நெருக்கடி ஒரு ராஜாவுக்கு எப்படி வந்தது என்று யோசித்தபடியே இளநீர் குடிக்கலாம். குதிரைப் பந்தயச் செய்தி போல அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதலர்கள் நிழல் தேடி வந்திருந்தார்கள்.

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம். ஊர்ப் பெயர்ப் பலகைகளில் பட்டினங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் மீன் ஏற்றிய வண்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் சாலையில் கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் வளையாதீர்கள், ஈரத்தோடு கொழுப்பும் இருக்கும்.

மிமிசல் தாண்டியதும் நெல்வயல் மறைந்து சீமைக்கருவேலம் தொடங்கிவிடுகிறது. ராமநாதபுரம் வரை அதுதான். உச்சி வெயிலில் ஓரமாக ஒதுங்கி, அந்த மரத்தடியில் கால் நீட்டிப் பத்து நிமிஷம். மறுபடி கிளப்பி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பின்பக்கம் மீன் நீந்துவது போல நெளிந்தது. பஞ்சர்.

டியூப்லெஸ் ஸ்போக் வீலுக்குக் கூடுதல் காசு, கூடுதல் காத்திருப்பு என்பதால் டியூப் வண்டியையே எடுத்திருந்தேன். டியூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கி, திரியைச் செருகி, காற்றடித்துப் போய்விடலாம். டியூப் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மெல்ல உருட்டிக்கொண்டே போனேன். 196 கிலோவோடு இரண்டு பக்கப் பையும். அதிர்ஷ்டம், ஒரு பெட்ரோல் பங்க் எதிரிலேயே பஞ்சர் கடை. இருபது வயதிருக்கும் அந்தத் தம்பிக்கு. டயரைக் கையால் தடவி, நொடியில் இடத்தைக் கண்டுபிடித்தான்.

“கருவேல முள்ளுண்ணே. நெழலுக்கு ஒதுங்குனீங்களா?”

“ஆமா.”

“இந்த ஊர்ல நெழலும் அதுதான், முள்ளும் அதுதான்.”

பின்அச்சின் நட்டுக்கு அவனிடம் பொருத்தமான ஸ்பேனர் இல்லை. என் பையில் இருந்தது. லாங் ரைடு போகிறவர்கள் ஆயிரம் பொருள் எடுத்துப் போகட்டும், சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனர் மட்டும் தம் வண்டிக்கு ஏற்றதா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். தம்பி டியூபுக்கு ஒட்டுப் போட்டான், டயரின் உட்பக்கம் விரலை ஓட்டி இன்னொரு முள்முனையையும் எடுத்தான். சக்கரத்தை மாட்டும்போது நான் கேட்காமலேயே செயினைத் தூக்கிப் பார்த்து “லூஸா இருக்கே” என்றான். புதுச் செயின் தொடக்கத்தில் நீளும், அது வழக்கம்தான். இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணில் வருகிறதா என்று குந்தி உட்கார்ந்து சரிபார்த்தான். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டான். புதுச் சக்கரத்தில் ஸ்போக் தளர்வதும் உண்டு. மந்தமாக ஒலித்தால் தளர்ந்தது என்று அர்த்தம். நூற்றைம்பது ரூபாய் கேட்டான். இரட்டிப்பாகக் கொடுத்தேன், மிச்சத்தைத் திருப்பித் தரப் பார்த்தான்.

பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறந்தது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் ஏறி இறங்கும். அந்த ஏற்றத்தின் உச்சியில் பக்கவாட்டுக் காற்று வண்டியை ஒரு முழம் தள்ளிவிடும் என்று தெரிந்தே ஏறினேன், தள்ளியது. பக்கப் பைகள் காற்றைப் பிடிக்கும் என்பதால் உடலை முன்னால் சாய்த்து, கைப்பிடியை இறுக்காமல் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் காற்றின் ஒவ்வொரு தள்ளலும் கை வழியாக முன்சக்கரத்துக்குப் போய்விடும். பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டம் இன்னொரு ஆபத்து. அவர்கள் பார்ப்பது 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தை. கப்பல் போவதற்காக அதன் நடுப்பகுதி நிமிர்ந்தபடியே மேலே ஏறும். உப்புக்காற்றுக்குப் பயந்து துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் போட்டு, பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். என் செயினுக்கு இருந்ததெல்லாம் ஒரு டப்பா ஸ்பிரேதான்.

தனுஷ்கோடிக்கு 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேல் நல்ல சாலை கிடையாது. மணலில் ஜீப்பும் வேனும்தான். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. மாலையில் செக்போஸ்ட்டை அடைத்துவிடுவதால் மதியமே போய்விடுவது நல்லது. காற்று மணலைச் சாலை ஓரங்களில் மேடாக்கி வைத்திருக்கிறது. வளைவட்டத்தில் அசோகச் சின்னத் தூணைச் சுற்றித் திரும்பும்போது வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே வைத்துத் திரும்பினேன். இடிந்த தேவாலயத்தருகே சங்கு விற்கும் பெண்கள் மைலேஜ் கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் அதைக் கேட்காதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ராமேஸ்வரம் லாட்ஜில் முதல் வேலை ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டது. அறையைவிட வாளியைப் பற்றி அதிகம் விசாரித்ததில் மேனேஜருக்குச் சந்தேகம். செயின், ஸ்போக், சைலன்சர், ரேடியேட்டரின் முன்பக்கம் எல்லாம் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்த பிறகுதான் குளித்தேன். உப்பு ஒரு ராத்திரியில் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

திரும்பும்போது ராமநாதபுரம், மதுரை, திருச்சி வழி. அதற்குள் என்ஜின் சத்தமே மாறியிருந்தது. கியர்கள் நறுக்கென்று விழுந்தன, நியூட்ரல் தேடாமல் கிடைத்தது. நூறில் ஓட்டிப் பார்த்தேன். தாராளமாகப் போகிறது. டோல்கேட்டில் இடது ஓரச் சந்தில் காசில்லாமல் நுழைவது எப்போதும் ஒரு சின்ன ராஜமரியாதை. ஆனால் இந்தச் சாலையில்தான் வண்டியின் குறைகளும் தெரிந்தன. வண்டியோடு வந்த முன்பக்கக் காற்றுத்தடுப்புக் கண்ணாடி என் உயரத்துக்குப் பத்தாது. காற்று நேராக ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து அடிக்கிறது, திருச்சிக்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. காதுக்கு இயர் பிளக் இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க லாரி ஓடும். சீட் இரண்டு மணி நேரத்துக்கு நன்றாக இருக்கிறது, மூன்றாவது மணியில் பலகை. கடற்கரைச் சாலையில் இதெதுவும் தெரியவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை கால் ஊன்றவைக்க ஏதாவது குறுக்கே வந்துகொண்டிருந்தது. இரு பக்கமும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் எதற்கென்றும் அங்கேதான் புரிந்தது. சாயம் பூசாத வேகத்தடைகளுக்கு.

மைலேஜ் கேட்கிறவர்களுக்கு: கடற்கரைச் சாலையில் லிட்டருக்கு முப்பத்திரண்டு பக்கம், நான்குவழியில் இருபத்தெட்டு. உயரமான கண்ணாடி ஒன்று வாங்கப் போகிறேன். டியூப்லெஸ் வீலுக்கு ஷோரூமில் விலை கேட்டிருக்கிறேன், சொன்ன விலையில் மிமிசல் தம்பியிடம் எத்தனை முறை பஞ்சர் ஒட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குக் கணக்கு தம்பி பக்கம்தான் சாய்கிறது. ஆகவே ஒரு ஸ்பேர் டியூபும் கைப்பம்பும் வாங்கிப் பையில் போட்டாயிற்று.